ஒரு சோடி பிண்டுங்

நூலை மேசையில் நீட்டி வைத்திருக்கிறேன். சாம்பவியின் தையல் பெட்டியில் இருந்து எடுத்த வெள்ளை நூல், இரண்டு நுனியிலும் ஒவ்வொரு முடிச்சு. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்மணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு நூலைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். இது என்ன என்று கேட்டதற்கு, என் மனைவியின் கால் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் இருக்கிற டொச்சை, அதாவது ஜெர்மன் பாஷையை, வைத்துக்கொண்டு அதற்கு மேல் விளங்கப்படுத்த முடியாது. ஊரில் டவுனுக்குப் போகிற ஆளிடம் கால் நீளத்துக்கு ஒரு ஈர்க்கை முறித்துக் கொடுத்துவிடுவார்கள், அவர் அதைக் கடையில் செருப்புக்குள் வைத்துப் பார்த்து வாங்கிவருவார், பிழைத்ததே கிடையாது என்று இவருக்கு எப்படிச் சொல்வது? ஈர்க்குக்கு டொச்சில் என்ன சொல்? தென்னை இல்லாத நாட்டில் சொல் மட்டும் எங்கிருந்து வரும். அதனால்தான் நூல். அதுவும் காலில் வைத்து அளந்தது இல்லை. கால் இப்போது என் வீட்டில் இல்லை. அவள் விட்டுவிட்டுப் போன வீட்டுச் செருப்பில் குதி பதிந்த பள்ளத்தில் இருந்து பெருவிரல் பதிந்த பள்ளம் வரைக்கும் வைத்து அளந்தேன். அளக்கும்போது நூல் நழுவி நழுவிப் போனது, குளிருக்கு விரல் விறைத்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், வீட்டுக்குள் ஹீட்டர் போட்டிருந்தது. இந்தச் சுவிஸ் ஊரின் பெயர் கூர். குளிரும் பெயருக்கு ஏற்றமாதிரித்தான். வருசா வருசம் பனிக்கு முன்னால் பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் பழைய பனிச்சறுக்குச் சாமான் சந்தை போடுகிறார்கள், மெழுகு மணமும் பழைய காலுறை மணமும் கலந்து மூக்கைப் பிடிக்கிறது, சனம் முட்டி மோதுகிறது, எல்லோரும் ஏதோ ஒரு மலைக்குப் போக ஆயத்தமாக இருக்கிறார்கள். பனியில் வழுக்கி விழாமல் பஸ் தரிப்புவரை நடந்து போவதே எனக்கு ஒரு சாதனை. ஆனாலும் வந்து நிற்கிறேன். சரியான அளவில் ஒரு சோடி வாங்கிக் கொண்டுபோய் அவளுடைய சறுக்குப் பலகையில் பூட்டி, போட்டோ எடுத்து அனுப்பினால் அவள் வருவாள். வந்து பார்ப்பாள். பார்க்க வருகிறவள் ஒரு தேத்தண்ணி குடிக்காமலா போவாள்.

மேசையில் இரண்டு சோடி கிடக்கிறது. சாம்பவி ஓடுவது எல்லோரும் ஓடுகிற ஸ்னோபோர்ட் இல்லை, அல்பைன் என்பார்கள். ஒடுங்கிய நீளப் பலகை, மெத்தென்ற பூட்ஸுக்குப் பதிலாக பிளாஸ்ரிக் ஓடு போட்ட கடினச் சப்பாத்து, அந்தச் சப்பாத்தைப் பலகையோடு பூட்டுவதற்குக் காலுக்கு ஒன்றாக உலோகத் தகடு. தகட்டுக்கு முன்னால் ஒரு கம்பி வளையம், பின்னால் ஒரு கம்பி வளையம், இறுக்கி மூட ஒரு கொளுக்கி. அவ்வளவுதான் சாமான். இப்போது இதை ஓடுகிறவர்கள் குறைவாம், பழசுதான் கிடைக்குமாம், அதிலும் கம்பியில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம். அந்தப் பெண்மணி ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார். இரண்டு சோடியிலும் வெடிப்பு இல்லை. ஒன்று சிறிய அளவு, ஒன்று பெரிய அளவு. நூலை அளவுகோலில் வைத்தார், இருபத்தைந்து சென்ரிமீற்றருக்கு ஒரு மயிரிழை குறைவு. முகத்தைச் சுளித்தார். சிறியது முடிகிற இடமும் பெரியது தொடங்குகிற இடமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொள்கிற இடத்தில் என் நூல் கிடக்கிறது. எதுவும் பொருந்தலாம், எதுவும் பொருந்தாமல் விடலாம். காலை அளந்து வந்திருக்கிறீர்கள், ஆனால் இது காலைப் பிடிக்கிற சாமான் இல்லை, சப்பாத்தைப் பிடிக்கிற சாமான் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரே காலுக்கு ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு நீளத்தில் சப்பாத்தின் அடியைச் செய்கிறதாம். சப்பாத்தின் குதிப் பக்கத்தில் மில்லிமீற்றரில் ஒரு எண் பொறித்திருக்குமாம், அது தெரியாமல் வாங்கினால் கம்பியைக் கடைசி ஓட்டைவரை இழுத்துப் பூட்ட வேண்டிவரும், வளைந்து திரும்புகிற நேரம் சப்பாத்துக் கழன்றுவிடும், ஒரு கால் கழன்று மற்றக் கால் பூட்டிக் கிடந்தால் முழங்கால் போச்சு. சப்பாத்து வீட்டில் இருக்கிறதுதானே என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எந்த வீட்டில் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

அந்த எண்ணை நான் பார்த்திருப்பேன். பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நாங்கள் கலியாணம் கட்டிய நாளில் இருந்து ஒவ்வொரு பனி மாரியும் அந்தச் சப்பாத்துக்கள் வாசலில் காலை அகட்டிக்கொண்டு நின்றன, நான் வேலை முடிந்து வந்து இருட்டில் இடறிப் பேசாத பேச்செல்லாம் பேசியிருக்கிறேன். உள்ளே ஈரம் ஊறிவிடும் என்று பேப்பரைக் கசக்கித் திணித்தது நான். வலது சப்பாத்தின் இரண்டாவது கொளுவி கொஞ்சம் அடம்பிடிக்கும், அதை மேலே தூக்கி ஒரு தட்டுத் தட்டினால்தான் மூடும். இடது சப்பாத்தின் வெளிப்பக்கம் ஒரு கீறல், அது ஒரு பாறையில் பட்டது, அன்றைக்கு அவள் முழங்கையிலும் ஒரு கீறல், அதற்கு மருந்து போட்டது நான். நிறம் சாம்பல். நாக்கு நீலம். இவ்வளவும் தெரிகிறது, குதிப் பக்கத்தில் மட்டும் மங்கலாக ஏதோ கிறுக்கினமாதிரி இருக்கிறது. கண்ணை மூடிப் பார்க்கிறேன். மூடினால் குதி வரவில்லை, அவள் குனிந்து கொளுவி போடுகிறபோது பின்கழுத்தில் ஒட்டியிருக்கிற மயிர்தான் வருகிறது. போகிறபோது சப்பாத்தைக் கொண்டுபோய்விட்டாள், பலகையை விட்டுவிட்டுப் போனாள். இதை நான் எத்தனை தரம் புரட்டிப் பார்த்துவிட்டேன். சப்பாத்தைக் கொண்டுபோனாள் என்றால் இந்த மாரியும் மலைக்குப் போக நினைக்கிறாள். பலகையை விட்டுவிட்டுப் போனாள் என்றால் அதை எடுக்கத் திரும்பி வர நினைக்கிறாள். அல்லது பலகை நீளம், அவளுடைய அக்காவின் காருக்குள் கொள்ளவில்லை, அவ்வளவுதான். காருக்குள் கொள்ளும், பின் கதிரையை மடித்தால் கொள்ளும், போன வருசம் அதே காரில் கொண்டுபோனோம். அன்றைக்குப் பின் கதிரையில் அவளுடைய பெட்டி இருந்தது. பெட்டியைக் கீழே வரைக்கும் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான், பாரமாக இருந்தது, இதைத் தனியத் தூக்கி இவள் இடுப்பு நாரியைப் பிடித்துக்கொள்ளப் போகிறாளே என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். மனிசன் எவ்வளவு விசரனாக இருக்க முடியும் என்பதற்கு எல்லையே இல்லை.

டொச்சில் இந்தச் சாமானுக்குப் பெயர் பிண்டுங். சாம்பவி இங்கே பிறந்தவள், அவள் வாயில் இருந்துதான் இந்தச் சொல்லை முதலில் கேட்டேன், கலியாணம் முடிந்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இறங்கிய முதல் மாரியிலேயே. பிண்டுங்கைத் தா, பிண்டுங்கில் பனி அடைத்துவிட்டது, பிண்டுங் இறுகவில்லை. எனக்குத் தெரிந்த பிண்டுங் அது ஒன்றுதான். போன வசந்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஆலோசனைக்காரியிடம் போனோம். போகலாம் என்று சொன்னது அவள், சரி என்றது நான். சின்ன அறை, மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி, அதைப் பார்த்ததுமே இங்கே யாரோ அழப்போகிறார்கள் என்று விளங்கிவிட்டது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, உங்கள் பார்வையில் பிண்டுங் எப்படி இருக்கிறது என்று கேட்டா. எனக்குப் பெரிய சந்தோசம், ஒரு கேள்வியாவது முழுசாக விளங்கிவிட்டதே என்று. நிமிர்ந்து இருந்து சொன்னேன்: ஒரு பக்கம் உடைந்துவிட்டது, மாசி மாதம் உடைந்தது, ஆனால் பலகை நல்லாத்தான் இருக்கிறது, புதுசு விலை, பழசு ஒன்று தேடி வாங்கிப் பூட்டிவிடலாம். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டா. சாம்பவி சிரிக்கத் தொடங்கினாள். அப்படி ஒரு சிரிப்பு, குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணால் தண்ணீர் வந்தது, சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. நல்ல உவமை சொன்னீர்கள் என்று அந்தப் பெண் என்னைப் பாராட்டினா. வெளியே பஸ் தரிப்பில் வைத்துத்தான் சாம்பவி சொன்னாள், பிண்டுங் என்றால் மனிசருக்குள் இருக்கிற பிணைப்புக்கும் அதுதான் சொல்லாம். நான் தலையில் கை வைத்தேன். அவள் மறுபடியும் சிரித்தாள், என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள், ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனோம். அந்த ஒரு பஸ்ஸை விட்ட நேரம் நாங்கள் நல்லாத்தான் இருந்தோம். நான் சொன்னதை ஒரு நேர்த்திக்கடன்போல வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. பழசு ஒன்று தேடி வாங்கிப் பூட்டிவிடலாம் என்று சொன்னவன் நான்தானே. இன்றைக்கு மண்டப வாசலில் நின்று, மனைவிக்கு ஒரு பிண்டுங் தேடுகிறேன் என்று அதே டொச்சில் சொன்னேன். ரிக்கற் கிழிக்கிறவர் ஒருவித யோசனையும் இல்லாமல் இடதுபக்கக் கடைசி மேசைக்குப் போகச் சொன்னார்.

போன் எடுத்துக் கேட்டால் முடிந்தது. அந்தப் பெண்மணியும் அதைத்தான் சொல்லிவிட்டு வேறு ஆட்களைப் பார்க்கப் போயிருக்கிறார், கேட்டுவிட்டு வாருங்கள், இரண்டையும் யாருக்கும் கொடுக்காமல் வைக்கிறேன் என்று. போன் சட்டைப்பைக்குள் கிடக்கிறது. எடுத்தால் அவள் வேண்டாம் என்று சொல்லலாம். எடுக்காதவரைக்கும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்காத பிண்டுங்குக்குள்தான் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. பெரியதையே வாங்கிவிடலாமா? எங்கள் ஆட்களுக்கு எதையும் ஒரு அளவு பெரிதாக வாங்கினால்தான் மனம் ஆறும், பள்ளிக்கூடச் சப்பாத்தைப் பஞ்சு வைத்து வைத்தே போட்டு முடித்தவன் நான். ஆனால் இதற்குள் பஞ்சு வைக்க முடியாது. அவள் ஓடுவதை நான் கீழே தேத்தண்ணிக் கடையில் இருந்து பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பனியைக் கிளப்பிக்கொண்டு வருவார்கள், அவள் கத்தியால் கீறினமாதிரி ஒரு கோடு போட்டுக்கொண்டு வருவாள், திரும்புகிற நேரம் உடம்பு முழுக்கச் சரிந்து, கை பனியைத் தடவிக்கொண்டு போகும். ஒவ்வொரு திரும்பலுக்கும் கோப்பையை மேசையில் வைத்துவிடுவேன். எழும்புவாளா? எழும்பிவிட்டாள். இனி? எழும்பிவிட்டாள். கீழே வந்து கண்ணாடியைக் கழற்றி, பார்த்தியா என்பாள். தேத்தண்ணி ஆறியிருக்கும். பார்த்தேன் என்பேன், பயந்தேன் என்று சொன்னதில்லை. அந்தக் கோட்டில் ஒரு இடத்தில் சப்பாத்துக் கழன்றால், அது நான் வாங்கிக் கொடுத்த பிண்டுங்கில் கழன்றால். இல்லை, கேட்கத்தான் வேண்டும். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பொடியன் நிலத்தில் முழங்காலில் நின்று ஒரு பெட்டைக்குச் சப்பாத்துப் போட்டுவிடுகிறான், அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கால் உள்ளே போனதும் தலைமயிரைக் கலைத்துவிட்டாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். போனை எடுத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள், அவ்வளவு கெதியாக எடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. கேதீஸ் என்று என் பெயரைச் சொன்னாள். சுகம் விசாரிக்காமல் நேரே விசயத்துக்குப் போனேன், சுகம் விசாரித்தால் குரல் உடையும். உன்ர சப்பாத்தின்ர குதிப் பக்கத்தில மில்லிமீற்றரில ஒரு நம்பர் இருக்குமாம், பார்த்துச் சொல்லுறியா என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. நடந்து போகிற சத்தம், ஒரு கதவு, பிறகு பிளாஸ்ரிக் நிலத்தில் உரசுகிற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எண்ணை டொச்சில் வாசித்தாள், அவளுக்கு எண் மட்டும் எப்போதும் டொச்சில்தான் வரும், இருநூறு, ஏழும் தொண்ணூறும் என்று. எனக்கு அது எப்போதும் தலைகீழாகத்தான் ஏறும், எழுபத்தொன்பதோ தொண்ணூற்றேழோ என்று தடுமாறுவேன், அவள் பகிடி பண்ணுவாள். இன்றைக்குப் பகிடி பண்ணவில்லை. இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று தமிழில் ஆறுதலாக இன்னொருதரம் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"நீங்கள் எங்க நிக்கிறீங்கள்?"

பக்கத்தில் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் கேட்டிருக்கிறாள். சாம்பவி என்னை ஒருநாளும் நீங்கள் என்று சொன்னதில்லை. கலியாண வீட்டில் அவள் எல்லோருக்கும் முன்னால், நீ சாப்பிட்டியா என்று என்னைக் கேட்டதும் என் பெரியக்கா வாயில் கை வைத்தா. புருசனை நீ என்று சொல்லுறதோ என்று ஊர் முழுக்க ஒரு கிழமை கதைத்தது. ஆட்களுக்கு முன்னால் மட்டும் நீங்கள் என்று சொல்லேன் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். அவள் முயற்சி பண்ணினாள், வாய் வரவில்லை, இரண்டாம் சொல்லிலேயே சிரித்துவிட்டாள். டொச்சில் நீ என்பதற்கு டூ, நீங்கள் என்பதற்கு ஸீ. ஸீ என்பது வங்கியில், அலுவலகத்தில், தெரியாத ஆட்களோடு கதைக்கிறது. உன்னோட அப்பிடிக் கதைச்சா நீ எனக்கு ஆரோ மாதிரி என்று சொன்னாள். பிறகு நான் கேட்கவில்லை, பிறகு எனக்கே அந்த நீ இல்லாமல் காது நிறையாது. சண்டை பிடித்த நாட்களிலும் நீதான், நீ போ, நீ கதையாதை, நீ என்னை விளங்கிக்கொள்ளேல்லை. பெட்டியை நான் காருக்குள் வைத்தபோதும் நீ உள்ளுக்குப் போ, குளிருது என்றுதான் சொன்னாள். ஆரும் பக்கத்தில நிக்கினமோ என்று கேட்டேன். இல்லை, தனியத்தான் இருக்கிறன், ஏன் என்றாள். குரலில் கோபம் ஒரு துளியும் இல்லை, கோபம் இருந்திருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பேன். சந்தையில நிக்கிறன், உன்ர போர்டுக்கு ஒரு பிண்டுங் பார்க்கிறன் என்றேன். பிறகு விளங்கிவிட்டமாதிரி, ஓ என்றாள்.

"போர்டை விக்கத்தானே? பிண்டுங் பூட்டியிருந்தால் லேசா விக்கலாம். ஆனா அதுக்கு ஏன் என்ர நம்பர்? வாங்கிற ஆளின்ர கால் எப்பிடியோ. நீங்கள் பெரிசாப் பார்த்து வாங்குங்கோ, கனபேருக்குப் பொருந்தும்."

ஓம் என்றேன். இல்லையடி, உனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், அழுதுவிட்டும் வந்திருக்க மாட்டாள். அவள் அதை விற்றுவிட்டாள், மனதுக்குள் எப்போதோ விற்றுவிட்டாள், நான்தான் அளவு பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அக்காவின் கார் சின்னது என்பதும் இல்லை, பின் கதிரை மடிகிறது என்பதும் இல்லை, அவளுக்கு அந்தப் பலகை வேண்டாம், அவ்வளவுதான், அதில் புரட்டிப் பார்க்க இனி ஒன்றும் கிடையாது. உடம்பைக் கவனமாப் பாருங்கோ என்றாள். சரி என்றேன். அவள்தான் முதலில் வைத்தாள், நான் காதில் வைத்தபடியே நின்றேன், ஆட்கள் பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள்.

அந்தப் பெண்மணி திரும்பி வந்து எண் கிடைத்ததா என்று கேட்டார். இருநூறு, ஏழும் தொண்ணூறும் என்று டொச்சில் தலைகீழாக்காமல் சொன்னேன். அப்படியென்றால் சிறியதுதான், அச்சொட்டாகப் பொருந்தும் என்று அவருக்குச் சந்தோசம். பெரியது கனபேருக்குப் பொருந்தும். நான் சிறியதைக் காட்டினேன். அந்த நீளத்துக்கே சரிபண்ணித் தருகிறேன் என்று திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். சப்பாத்தைச் சரித்து வைக்க ஒரு தகட்டில் முன்பக்கம் ஆப்பு, மற்றதில் பின்பக்கம், ஆகவே உங்கள் மனைவிக்கு எந்தக் கால் முன்னால் என்று கேட்டார். இடது என்றேன். யாரையும் கேட்காமல், யோசிக்காமல் சொன்னேன், அவள் படியிறங்கும்போதும் இடது காலைத்தான் முதலில் வைப்பாள். அதைச் சொன்னதும் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இத்தனை சனத்துக்கு நடுவில், சத்தம் வராமல் அழுதேன், மூக்கால் ஒழுகியது, கையில் நூலைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. குனிந்து திருகாணியை இறுக்கிக்கொண்டே, மலைக்குப் போகிற ஆட்களுக்குள் நாங்கள் ஸீ சொல்லுவதில்லை, டூதான், நான் றூத், நீ யார் என்று கேட்டார். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தேன். கேதீஸ் என்றேன். நல்லது கேதீஸ் என்றார். பின்னால் தட்டில் இருந்து யாரோ ஒருவரின் பழைய சப்பாத்தை எடுத்து, குதியில் எண்ணைப் பார்த்து, தகட்டில் வைத்து டக்கென்று பூட்டி, என் பக்கம் தள்ளினார். இந்தா, நீயே இழுத்துப் பார், கழராது என்றார். ஒரு கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் இழுத்தேன். கழரவில்லை. இன்னொருதரம் இழுத்தேன்.